சுற்றளவும் மீதியும்: நாலுகெட்டு வீட்டின் கணிதம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



மரபு வீடுகளில் உள்ள கணிதம் என்று பேச்செடுத்தால் கேட்பவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு சாரார், தங்க விகிதம் தொடங்கி எல்லாமே நம் முன்னோருக்குத் தெரியும் என்பார்கள். மற்றொரு சாரார் வாஸ்து என்ற பெயரைக் கேட்டதுமே இது நமக்கான இடமில்லை என்று ஒதுங்கிவிடுவார்கள். ஆசாரியின் கணக்கைத் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து போட்டுப் பார்த்தவர்கள் இரண்டு பக்கத்திலும் குறைவு. எண்கோட்பாட்டை வகுப்பறையில் கற்பித்து வந்தவன் என்ற முறையில் எனக்கு அந்தக் கணக்கின் மேல்தான் நாட்டம்.

இன்று நான் முன்வைக்கும் கருத்து ஒன்றுதான். நாலுகெட்டு வீட்டின் அளவுகளைத் தீர்மானிப்பது மீதிக் கணக்கு. வீட்டின் சுற்றளவை ஓர் எண்ணால் வகுத்தால் என்ன மிஞ்சும் என்பதே அங்கே முதல் கேள்வி. பத்தாம் வகுப்புப் பாடநூலில் 'மட்டு எண்கணிதம்' என்ற பெயரில் பிள்ளைகள் படிப்பது இதைத்தான். இந்தக் கணக்கோடு நல்லது கெட்டது என்ற பலன்களையும் சேர்த்தே நூல்கள் சொல்கின்றன. பலன்களை நான் நம்பவில்லை. அவற்றைப் பற்றி இங்கே வாதாடப் போவதும் இல்லை. பலன்களை எடுத்துவிட்ட பிறகும் உறுதியான ஒரு கணித அமைப்பு மிஞ்சி நிற்கிறது. அதைத்தான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு நான் தொலைவில் போக வேண்டியதில்லை. தக்கலையை அடுத்த பத்மநாபபுரம் அரண்மனையின் மிகப் பழைய பகுதியான தாய்க்கொட்டாரம், நடுவில் முற்றம் வைத்துக் கட்டிய நாலுகெட்டுதான். யாழ்ப்பாணத்தார் நாற்சார் வீடு என்பதும், செட்டிநாட்டார் வளவைச் சுற்றிக் கட்டுவதும் இதற்கு உறவான அமைப்புகள். ஆனால் அளவு முறை நூலிலும் தொழிலிலும் ஒருசேரத் தெளிவாகக் கிடைப்பது கேரளத்திலும் அதை ஒட்டிய நம் குமரி மாவட்டத்திலும்தான். திருமங்கலத்து நீலகண்டன் 16-ஆம் நூற்றாண்டில் இயற்றிய 'மனுஷ்யாலய சந்திரிகை' முழுக்க முழுக்க மனிதர் வாழும் வீடுகளைப் பற்றிய நூல்.

1. கோல்

எட்டு யவம் ஒரு விரல். இருபத்துநான்கு விரல் ஒரு கோல். இன்றைய ஆசாரிமார் கோலை 72 செ.மீ. என்று கொள்கிறார்கள். அப்படியானால் ஒரு விரல் 3 செ.மீ. 25, 26, 27 விரல் கொண்ட கோல்களையும் மயமதம் என்னும் கட்டடக் கலை நூல் சொல்கிறது. நம் கணக்குக்கு 24 விரல் கோல் போதும்.

24 என்ற எண்ணை மீதியின்றி 2, 3, 4, 6, 8, 12 ஆகியவற்றால் வகுக்கலாம். தசம பின்னம் புழங்காத தொழிலில் இது பெரிய வசதி. கோலில் பாதி, மூன்றில் ஒன்று, கால், அரைக்கால் எல்லாமே முழு விரல்களாக வந்துவிடும். இந்த எண்ணுக்கு வேறொரு பெருமையும் உண்டு. அது ஐந்தாம் பகுதியில் வரும்.

2. திசையும் மூலையும்

இது பலரும் அறிந்தது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சமன் செய்த தரையில் ஒரு முளையை நட்டு, அதைச் சுற்றி வட்டம் போடுவார்கள். முற்பகலில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தையும் பிற்பகலில் தொடும் இடத்தையும் சேர்த்தால் கிழக்கு-மேற்குக் கோடு. அந்த இரண்டு புள்ளிகளிலிருந்தும் வில் வரைந்தால் மீன் வடிவம் ஒன்று உண்டாகும். அதன் தலையையும் வாலையும் சேர்த்தால் வடக்கு-தெற்கு. எதிர்ப்பக்கங்கள் சமமாக அளந்த நாற்கரம் செங்கோணத்தில் நிற்கிறதா என்பதற்கு இரண்டு மூலைவிட்டங்களையும் கயிற்றால் அளந்து ஒப்பிட்டால் போதும்.

நிழல் பார்த்துக் கயிறிடும் இந்த முறை தமிழுக்குப் புதிதல்ல. நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுக்கும் இடத்தில், நண்பகலில் கோல்களின் நிழலைக் குறித்துக் கயிறிட்ட செய்தி வருகிறது. கட்டடக் கலை மாணவர்கள் அந்த அடிகளை ஒருமுறையாவது படிக்க வேண்டும்.

3. சுற்றளவை வகுத்தல்

மையமான இடத்துக்கு வந்துவிட்டோம். இங்கே சற்று நிதானமாகப் போவோம்.

நாலுகெட்டில் முற்றத்தைச் சுற்றி நான்கு கட்டுகள்: கிழக்கினி, தெக்கினி, படிஞ்ஞாற்றினி, வடக்கினி. ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்றளவு. அந்தச் சுற்றளவைக் கோல் கணக்கில் எடுத்து, 3-ஆல் பெருக்கி, 8-ஆல் வகுக்க வேண்டும். மிஞ்சும் எண்ணுக்கு யோனி என்று பெயர். 1 கொடி, 2 புகை, 3 சிங்கம், 4 நாய், 5 காளை, 6 கழுதை, 7 யானை. மீதியில்லாமல் வகுபட்டால் காகம். ஒற்றைப்படை எண்களே கொள்ளத்தக்கவை. கிழக்கினிக்கு 1, தெக்கினிக்கு 3, படிஞ்ஞாற்றினிக்கு 5, வடக்கினிக்கு 7.

ஒரு கிழக்கினியை நாமே வகுத்துப் பார்ப்போம். நீளம் 9 கோல் 8 விரல், அகலம் 5 கோல் 12 விரல். இரண்டையும் கூட்டினால் 14 கோல் 20 விரல். இரட்டித்தால் சுற்றளவு 29 கோல் 16 விரல். 16 விரல் என்பது கோலில் மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே மூன்றால் பெருக்கியதும் பின்னம் மறைந்து 89 என்ற முழு எண் கிடைக்கிறது. 89-ஐ 8-ஆல் வகுத்தால் ஈவு 11, மீதி 1. கொடி. கிழக்கினிக்குப் பொருந்திய அளவு. இன்றைய அளவில் இது 6.72 மீட்டருக்கு 3.96 மீட்டர்.

இப்போது ஒரு பிழையை நாமே உண்டாக்குவோம். நீளத்தில் ஒரே ஒரு விரல் கூடிவிட்டது. 9 கோல் 9 விரல். சுற்றளவு 29 கோல் 18 விரல். மூன்றால் பெருக்கினால் 89¼. எட்டால் வகுத்தால் மீதி 1¼. மீதி முழு எண்ணாக வரவில்லை. 29 கோலுக்கு மேற்பட்ட சுற்றளவில் நுழைந்த ஒரு விரல் பிழை அந்த இடத்திலேயே தலைகாட்டிவிட்டது.

சுற்றளவு எட்டு விரலின் மடங்காக இருந்தால்தான் மீதி முழு எண்ணாக அமையும். அதற்கு நீளமும் அகலமும் சேர்ந்து நான்கு விரலின் மடங்காக இருக்க வேண்டும். ஆகவே அவற்றில் ஒன்று இரண்டு மூன்று விரல் கூடினாலும் குறைந்தாலும் கணக்கு உதைக்கும். அச்சுப் புத்தகங்களின் பின்னட்டையில் உள்ள ஐ.எஸ்.பி.என். எண்ணின் கடைசி இலக்கம் செய்யும் வேலையும் இதுவே. மற்ற இலக்கங்களில் ஒன்று தவறினால் அது காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தச் சோதனைக்கு எல்லை உண்டு. நீளத்தில் ஒரு விரல் கூடி அகலத்தில் ஒரு விரல் குறைந்தால் சுற்றளவு மாறாது, பிழை தப்பிவிடும். அந்த இடத்தில் கோலைத்தான் நம்ப வேண்டும். நூல்களும் இதைச் சோதனை என்று கூறவில்லை. நன்மை, தீமை என்றே கூறுகின்றன. சோதனை என்று கொள்வது என் வாசிப்பு. ஆனால் வரைபடம் என்ற ஒன்று கையில் இல்லாமல், அளவுகளைச் சொல்லக் கேட்டுப் பல கைகள் மரம் அறுத்துச் சேர்க்கும் தொழிலில், எல்லா அளவுகளுக்கும் பொதுவான இப்படியொரு நிபந்தனை எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்பதைப் பணிக்களத்தில் நின்றவர்கள் அறிவார்கள்.

4. ஏன் எட்டு?

எட்டால் வகுப்பது ஏன் என்று கேட்டால், திசைகள் எட்டு என்பது மரபு தரும் விடை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வடிவியல் இன்னொரு விடையையும் தருகிறது. இந்தச் சொற்பொழிவில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

ஒரு செவ்வகத்தை எடுத்துக்கொண்டு, நான்கு பக்கமும் ஒரே அகலத்துக்கு அதை வெளியே தள்ளுங்கள். சுவரின் உள்முகத்திலிருந்து வெளிமுகத்துக்குப் போவதும், முற்றத்தின் விளிம்பிலிருந்து அதைச் சுற்றிய திண்ணையின் விளிம்புக்குப் போவதும் இப்படித் தள்ளுவதுதான். தள்ளும் அகலம் ஒரு விரல் என்றால் நீளம் இரண்டு விரல் கூடும். அகலமும் இரண்டு விரல் கூடும். இரண்டு நீளம், இரண்டு அகலம். ஆக மொத்தம் சுற்றளவில் எட்டு விரல் கூடும். செவ்வகம் பெரிதோ சிறிதோ, நீண்டதோ சதுரமோ, கூடுவது எட்டு விரல்தான்.

எட்டு விரல் கூடினால் யோனி எண் சரியாக ஒன்று கூடும். அதாவது, சுற்றிலும் எத்தனை விரல் தள்ளுகிறோமோ அத்தனை எண் மீதி நகரும். ஒரு விரல் தள்ளினால் கொடி புகையாகும். இரண்டு விரல் தள்ளினால் கொடி சிங்கமாகும். எட்டு விரல் தள்ளினால் சுற்று முடிந்து மறுபடியும் கொடிக்கே வந்துவிடும்.

இதிலிருந்து நேராக ஒரு விதி கிடைக்கிறது. சுவரின் கனமோ திண்ணையின் அகலமோ எட்டு விரலின் மடங்காக, இன்றைய கணக்கில் 24 செ.மீ.யின் மடங்காக இருந்தால், உள்ளே அளந்தாலும் வெளியே அளந்தாலும் யோனி ஒன்றே. அப்படி இல்லாவிட்டால் எந்தக் கோட்டில் அளக்கிறோம் என்று முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். கேரள மரபில் சுவருக்கு மேலே கிடக்கும் உத்தரத்தின் சுற்றை அளவுக்கோடாக ஏன் இத்தனை கண்டிப்புடன் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் விளங்கியது. அளவுக்கோடு ஒரு விரல் உள்ளே போனால் ஒற்றை இரட்டையாகிவிடும்.

மாணவர்களுக்கு ஒரு பயிற்சி தருகிறேன். இது செவ்வகத்துக்கு மட்டும் உரியதல்ல. ட வடிவத்தில் மடங்கிய கட்டையும் இப்படி வெளியே தள்ளிப் பாருங்கள். வெளிமூலை ஒவ்வொன்றும் இரண்டு விரல் கூட்டும். உள்மூலை ஒவ்வொன்றும் இரண்டு விரல் குறைக்கும். மூலைகள் எல்லாம் செங்கோணமாக உள்ள எந்தக் கட்டடத்திலும் வெளிமூலைகள் உள்மூலைகளைவிட நான்கு கூடுதல். ஆகவே அங்கேயும் கூடுவது எட்டு விரல்தான். வட்டமான கருவறையில் இது செல்லாது. அங்கே ஒரு விரல் தள்ளினால் கூடுவது 2π விரல், அதாவது ஆறேகால் விரலுக்குச் சற்று மேல். எட்டு என்பது செங்கோண மூலைகளின் எண். மூலை வைத்துக் கட்டும் மனித வீட்டுக்கு அது இயல்பான வகுஎண்.

5. மூன்றும் எட்டும்

மூன்றால் ஏன் பெருக்க வேண்டும் என்ற கேள்வி உங்களுக்கு எழுந்திருக்கும். 24-ஐ 3 × 8 என்று எழுதிப் பாருங்கள். கோல் கணக்கை மூன்றால் பெருக்கினால், எட்டு விரல் அலகில் எத்தனை என்று கிடைக்கும். எட்டால் பெருக்கினால், மூன்று விரல் அலகில் எத்தனை என்று கிடைக்கும். யோனிக்கு மூன்றால் பெருக்குகிறார்கள். நட்சத்திரம் பார்க்க எட்டால் பெருக்கி 27-ஆல் வகுக்கிறார்கள். ஆயம் என்னும் வரவு பார்க்க எட்டால் பெருக்கி 12-ஆல் வகுக்கிறார்கள். மர்மம் போலத் தோன்றும் இந்தப் பெருக்கு எண்கள் உண்மையில் அலகு மாற்றும் வேலையைச் செய்கின்றன. கோலுக்கு 24 விரல் என்பதிலேயே இரண்டும் அடங்கியிருக்கின்றன.

இன்னும் ஒன்று. 3-க்கும் 8-க்கும் 1-ஐத் தவிரப் பொதுக் காரணி இல்லை. 8-க்கும் 27-க்கும் அப்படியே. ஆகவே சுற்றளவை முழுக் கோலாக ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனால் எட்டு யோனிகளும் இருபத்தேழு நட்சத்திரங்களும் ஒன்றுவிடாமல் முறைவைத்து வரும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே சோடி திரும்பவும் வருவதற்கு 8 × 27 = 216 கோல் ஆகும். 216 கோல் என்றால் 155 மீட்டருக்கும் அதிகமான சுற்றளவு. சாதாரண வீட்டின் ஒரு கட்டு அந்த அளவை எட்டாது. ஆகவே அந்த எல்லைக்குள் முழுக் கோலில் அமைந்த எந்த இரண்டு சுற்றளவுக்கும் யோனியும் நட்சத்திரமும் சேர்ந்து ஒன்றாக அமையாது.

ஆயத்தில் நிலைமை வேறு. 8-க்கும் 12-க்கும் 4 பொதுக் காரணி. முழுக் கோலாகவே அளந்தால் மீதி 0, 4, 8 என்ற மூன்றுதான் வரும். மூன்று விரல் வரை நுணுகி அளந்தால்தான் பன்னிரண்டும் வரும்.

மீதி இரண்டையும் கொடுத்து எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கணக்குக்குத் தீர்வு முறையை 499-இலேயே ஆரியபடர் தந்திருக்கிறார். குட்டகம் என்று அதற்குப் பெயர். வீடு கட்டிய ஆசாரி குட்டகம் போட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் கையில் இருந்தது கொள்ளத்தக்க சுற்றளவுகளின் அட்டவணை. மனப்பாடமாகவோ ஏட்டிலோ அதை வைத்திருந்தார். ஆனால் அந்த அட்டவணைக்குப் பின்னால் இருக்கும் கணக்கு குட்டகத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. கணித வரலாறு எழுதுபவர்கள் வானியல் நூல்களோடு நின்றுவிடாமல் தச்சு நூல்களையும் புரட்ட வேண்டும் என்று நான் கேட்பது அதனால்தான். கணபதி சாஸ்திரி 1919-இல் மயமதத்தைத் திருவனந்தபுரத்தில் பதிப்பித்துவிட்டார். மானசாரத்தை பி.கே. ஆச்சார்யா 1930-களில் ஆங்கிலத்தில் தந்துவிட்டார். நூல் கிடைக்கவில்லை என்று சொல்வதற்கு இடமில்லை.

6. கூரை

தரையில் மீதிக் கணக்கு ஆண்டால், கூரையில் ஆள்வது ஒத்த முக்கோணம். சுற்றிலும் உத்தரம், உச்சியில் மோந்தாயம், இரண்டையும் இணைக்கும் கழுக்கோல்கள். கூரைச் சாய்வை 45 பாகை என்று வைத்துக்கொள்வோம். கட்டின் அரை அகலம் 48 விரல் என்றால் கூரையின் உயரமும் 48 விரல். இறவாரத்துக்கு நீட்டுவதை விட்டுவிட்டால், நேராக ஏறும் கழுக்கோலின் நீளம் 48-இன் √2 மடங்கு. கிட்டத்தட்ட 68 விரல். மூலையிலிருந்து ஏறும் கோடிக் கழுக்கோல் 48-இன் √3 மடங்கு; 83 விரலுக்குச் சற்று மேல். இந்த √2-க்குப் போதாயனர் சுல்ப சூத்திரத்தில் கிடைக்கும் பின்னம் 577/408. அது ஐந்து தசம இடம் வரை சரி. தச்சுவேலைக்கு அவ்வளவு நுட்பம் வேண்டியதே இல்லை.

நான் வியந்து நிற்பது வளையிடத்தில். கழுக்கோல்கள் எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு கூரையைச் சுற்றி ஒரே மட்டத்தில் ஓடும் மரச்சட்டம் அது. கட்டின் கோடியில் கழுக்கோல்கள் மோந்தாயத்தின் முனையிலிருந்து விரிந்து இறங்கும். ஒன்றின் நீளம் மற்றொன்றுக்கு இல்லை; சாய்வும் வேறு. இருந்தாலும் எல்லாமே ஒரே உயரத்தில் தொடங்கி ஒரே உயரத்தில் முடிகின்றன. ஆகவே பாதி உயரத்தில் ஓடும் வளை ஒவ்வொரு கழுக்கோலையும் அதனதன் சரிபாதியில்தான் சந்திக்கும். மூன்றில் ஒரு பங்கு உயரம் என்றால் ஒவ்வொன்றின் மூன்றில் ஒரு பங்கில். எந்தக் கழுக்கோலையும் மேலே ஏற்றிப் பிடித்துக் குறிக்க வேண்டியதில்லை. தரையில் கிடத்தி, அதனதன் நீளத்தை ஒரே விகிதத்தில் பிரித்துக் குறித்துவிடலாம். துளையின் கோணம் மட்டும் கோலுக்குக் கோல் மாறும். அங்கேதான் கைத்தேர்ச்சி வேண்டும். மேலே ஏற்றிய பிறகு வளை தடங்கலின்றி எல்லாத் துளைகளிலும் நுழைந்தால் கூரை முழுவதுமே சரியாக அமைந்திருக்கிறது என்று பொருள். கீழே மீதி செய்த சோதனையை மேலே வளை செய்கிறது.

7. கணக்கு போய்ப் பலன் நின்றது

இத்தனை ஒழுங்கான ஓர் அமைப்பு இன்று என்ன நிலையில் இருக்கிறது? பேருந்து நிலையக் கடைகளில் கிடைக்கும் மனையடி சாஸ்திரப் புத்தகங்களைப் பாருங்கள். இத்தனை அடி என்றால் செல்வம், இத்தனை அடி என்றால் வறுமை என்று பட்டியல் மட்டுமே இருக்கும். வகுஎண் இல்லை, பெருக்கு எண் இல்லை, எந்தக் கோட்டில் அளப்பது என்ற குறிப்பு இல்லை. எல்லாவற்றையும்விட, அடி என்பது பன்னிரண்டு அங்குல ஆங்கில அடியாகவே புரிந்துகொள்ளப்படுகிறது. கோலையும் விரலையும் வைத்துச் செய்த கணக்கின் முடிவுகளை வேறோர் அலகில் ஒட்டவைத்தால் அதில் கணிதம் எதுவும் மிஞ்சாது.

இதை நம்பிச் சுவரை இடிப்பவர்கள் இருக்கிறார்கள். கடன் வாங்கி வாசலை மாற்றுபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். மீதிக் கணக்கு அடித்தளம் போடும் முன்னர் அளவுகளைத் தேர்ந்தெடுப்பதற்காக வந்தது. உத்தரத்தின் சுற்றைக் கோலால் அளந்து போட்ட கணக்கை, சிமெண்ட் பூசி நிற்கும் ஒரு வீட்டின் மேல் ஏற்றி அதன் அறைக்குக் குறை சொல்வதற்கு அந்த நூல்களிலேயே இடமில்லை. பயத்தை விற்பவர்களிடம் யோனிக்கு ஏன் மூன்றால் பெருக்குகிறீர்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

நம் மாவட்டத்து மர வீடுகள் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டு, தூணும் கதவும் பழம்பொருள் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. உத்தரம் கழற்றப்பட்டுவிட்டால் அதன் சுற்றளவு தெரிய வழியில்லை. இந்தக் கல்லூரியின் கணித மாணவர்களிடமும் கட்டடக் கலை மாணவர்களிடமும் ஒரு வேலையைக் கேட்கிறேன். உங்கள் ஊரில் மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு நாலுகெட்டிலும், வீட்டாரின் அனுமதியோடு, உத்தரத்தின் நீளத்தையும் அகலத்தையும் செ.மீ.யில் அளந்து மூன்றால் வகுத்து விரலாக்குங்கள். முற்றத்தையும் சுவரின் கனத்தையும் திண்ணையையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். மூத்த ஆசாரிமாரிடம் உள்ள அளவு அட்டவணைகளைப் படியெடுங்கள். நான் நான்காம் பகுதியில் சொன்ன எட்டு விரல் விதி உண்மையான வீடுகளில் எந்த அளவுக்கு நிற்கிறது என்பதை அந்த அளவுகள்தான் தீர்த்து வைக்கும். நிற்கவில்லை என்றாலும் அதையும் எழுதி வெளியிடுங்கள். வேலையை வரும் விடுமுறையிலேயே தொடங்குங்கள்.